ராமாமணி கேட்ட எண்

வேதவல்லி மில்ஸின் பீளமேட்டுத் தலைமை அலுவலகத்தில் ஏ.சி. போட்ட அறைகள் இரண்டு. ஒன்றில் நிர்வாக இயக்குநர் பாலகோபால் இருந்தார். மற்றதில் சர்வர் இருந்தது. அந்தக் குளிரில், சேலைக்கு மேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அதற்குத் துணையாக ராமாமணி இருந்தார். வயது முப்பத்தேழு. பதவி சிஸ்டம்ஸ் இன்சார்ஜ்.

1999 நவம்பர், தீபாவளி முடிந்த அடுத்த வாரம். வெள்ளிக்கிழமைக்குள் ராமாமணி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மில்லுக்கு ஏழு யூனிட்டுகள்; ஏழிலும் ஒவ்வொரு சர்வர். ஏழிலும் டேட்டாபேஸுக்கான புதிய சர்வீஸ் பேக் ஏறிவிட்டது, சோதித்துப் பார்த்தாயிற்று என்று அந்தத் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டர் வேலை முழுவதும் ஒரு பெங்களூர் கம்பெனிக்குப் போய்விடும். ஒப்பந்தத் தாள்களோடு அவர்கள் சனிக்கிழமை வருவதாக இருந்தார்கள்.

பாலகோபால் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் குடும்பத்தில் யாரும் குரல் உயர்த்திப் பேசுகிறவர்கள் இல்லை. வேலைக்கு ஒன்றும் ஆகாது, டைம் ஆபீஸில் ராமாமணியின் பழைய சீட் அப்படியேதான் இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதல்தான் ராமாமணிக்குப் பயமாக இருந்தது.

பழைய சீட் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது உட்கார்ந்த இடம். ஷிப்டுக்கு நானூறு பேர் வருகையை நீளப் பதிவேட்டில் கோடு போட்டுக் குறிக்கும் வேலை. ஐந்து வருடம் கோடு போட்டார். 1989இல் முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, சென்னையிலிருந்து வந்தவர் மூன்று நாள் பாடம் நடத்தினார். முதல் நாள் பதினாறு பேர் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் ராமாமணி மட்டும் இருந்தார். ஆண்களுக்கு அந்தப் பெட்டி தங்கள் சீட்டைத் தின்றுவிடும் என்று பயம். ராமாமணிக்கோ, தின்றால் தேவலை என்றிருந்தது.

அப்புறம் பத்து வருடம் படிப்புதான். மாலையில் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், ஞாயிற்றுக்கிழமை தடித்தடியான ஆங்கிலக் கையேடுகள். சௌரிபாளையத்து வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், சர்வரோடு ஆங்கிலம். இதில் சண்டை வராத மொழி ஆங்கிலம்தான் என்று அவர் கணவர் கேலி செய்வார். வீட்டுக்காரரே உங்களை இப்படிக் கிண்டல் பண்ணுகிறாரே என்று யாராவது கேட்டால், அவருக்கு சர்வர் மேல் பொறாமை என்பார் ராமாமணி.

சர்வீஸ் பேக் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒரு மென்பொருளை விற்ற பிறகு அதில் தெரியவரும் பிழைகளையெல்லாம் சரிசெய்து, செய்த கம்பெனியே அனுப்பும் திருத்தங்களின் மூட்டை. இந்த முறை மூட்டைக்குள் இருந்த முக்கியமான திருத்தம், 2000ஆம் ஆண்டை 1900 என்று எடுத்துக்கொள்ளாமல் சரியாகப் புரிந்துகொள்வது. ஏழு யூனிட்டிலும் ஆள் வருகை, பஞ்சுப் பேல், நூல் லாட் எல்லாமே தேதியை வைத்துத்தான் ஓடின. தேதி குழம்பினால் மில் குழம்பும்.

தீபாவளிக்கு ஸ்பின்டில்கள் நின்றிருக்கும் நான்கு நாளில் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது ராமாமணியின் திட்டம். பீளமேட்டில் அவரே போட்டார். மற்ற ஆறு யூனிட்டுக்கும் குறுந்தகட்டை மில் வேனில் அனுப்பினார். கூடவே கையால் எழுதி ஒரு ஃபேக்ஸ்: முதலில் டேட்டாபேஸை நிறுத்துங்கள், பிறகு தகட்டைப் போடுங்கள், கடைசியில் இந்த வரியை டைப் செய்து என்டர் தட்டுங்கள், ஒரு நீள வரி வரும், அதன் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். இன்ன எண் வந்தால் வேலை முடிந்தது என்று எண்ணையும் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒவ்வொரு யூனிட்டாகப் போனில் கூப்பிட்டார். சூலூரில் முடிந்துவிட்டது, எண் 416. அவிநாசியிலும் 416. பெருந்துறையில் லட்சுமணசாமி எடுத்தார். ராமாமணி டைம் ஆபீஸில் கோடு போட்ட காலத்தில் அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர். இப்போது ஐம்பத்திரண்டு வயதில் பெருந்துறை யூனிட்டின் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிற்று, 461 என்றார். ராமாமணி பேச்சுவாக்கில் 461 என்றே எழுதிக்கொண்டார். தாராபுரமும் 461.

உடுமலையில் பேக்கிங் ஆபீஸ் சாஜிதா பேகம் பேசினார். அவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

"மேடம், எனக்கு நானூத்திப் பதினாறுதானுங்க வருது. நீங்க அறுபத்தியொன்னுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவ எடுத்துட்டு ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டனுங்க. எங்க தப்புப் பண்ணேன்னு தெரியலீங்க."

ராமாமணி அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஃபேக்ஸ் மெஷின் பக்கத்தில் கோப்பில் குத்தி வைத்திருந்த மூலத் தாளை எடுத்தார். வட்டத்துக்குள், அவருடைய கையெழுத்திலேயே, 461. அவர் எழுத நினைத்தது 416. அவசரத்தில் இலக்கம் இடம் மாறியிருந்தது.

சாஜிதாவிடம் மன்னிப்புக் கேட்டார், உங்களுடையதுதான் சரி என்றார். கடைசியாக ஆனைமலையைக் கூப்பிட்டார். அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க் தம்பிதுரை, கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னார்: ஆச்சுங்க மேடம், 461.

ராமாமணி ரிசீவரை வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மென்பொருளுக்கு 461 என்று ஒரு பதிப்பே கிடையாது. உலகத்தில் எந்த சர்வரும் அந்த எண்ணைக் காட்ட முடியாது. பெருந்துறை, தாராபுரம், ஆனைமலை மூன்று பேரும் திரையைப் பார்த்துச் சொல்லவில்லை; ஃபேக்ஸைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சூலூர்க்காரரும் அவிநாசிக்காரரும் திரையைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தலைமை அலுவலக மேடம் எழுதியது தப்பு என்று சொல்ல இருவருக்கும் மனசு வரவில்லை.

பொய் சொல்கிற ஆட்கள் இல்லை இவர்கள். எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைக்கிற ஆட்கள். ராமாமணியும் அதே வட்டாரத்தில் வளர்ந்தவர். ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவருக்கே எத்தனை சுற்றி வளைக்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். விடையை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, விடை என்ன என்று கேட்டால் வேறென்ன வரும்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினார். பெருந்துறையில் இறங்கி, சிப்காட் தொழிற்பேட்டைக்கு மினி பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கு யூனிட் வாசலில் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. லட்சுமணசாமி குடையோடு கேட்டுக்கே வந்துவிட்டார். டிபன் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார், இல்லையென்றதும் கேன்டீனில் இட்லி வைக்கச் சொன்னார், அது முடிந்த பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டார்.

ராமாமணி சர்வர் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வரியை டைப் செய்தார். பதில் வந்தது. கடைசி மூன்று இலக்கம் 281. பழைய பதிப்பு.

"ஏனுங்ணா, இதுல எரநூத்தி எம்பத்தியொன்னுதான வருது?"

லட்சுமணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கும் அதேதான் வந்துச்சுங்க அம்மணி."

"அப்பறம் ஏனுங்க அறுபத்தியொன்னுன்னீங்க?"

"நீங்க எழுதி வட்டம் போட்டிருந்தீங்க. மெசினு வேற சொல்லுது. மெசினுதான் தப்பாச் சொல்லும், நீங்க தப்பா எழுதமாட்டீங்கன்னு நெனச்சுபோட்டேனுங்க."

ராமாமணிக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. இத்தனை வருடத்தில் அவரை இவ்வளவு முழுசாக யாரும் நம்பியதில்லை.

இனி, ஏன் ஏறவில்லை என்று பார்க்க வேண்டும். லட்சுமணசாமி தகட்டைப் போட்டது உண்மை. போடும்போது ஏதாவது கேட்டதா என்று ராமாமணி விசாரித்தார். பதினோரு தடவை கேட்டது என்றார் லட்சுமணசாமி. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பெட்டி வந்து, இந்தக் கோப்பு உபயோகத்தில் இருக்கிறது என்றது. கீழே ரீட்ரை, இக்னோர் என்று இரண்டு பொத்தான். முதலில் ரீட்ரை அமுக்கினார். பெட்டி போகவில்லை. இக்னோர் அமுக்கினார். போய்விட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் இக்னோர்தான். கடைசியில் முடிந்துவிட்டது என்று மெஷினே சொன்னது.

அதாவது, மாற்ற வேண்டிய முக்கியமான கோப்புகளில் பதினொன்று மாறவே இல்லை. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் கோப்பு உபயோகத்தில் இருக்கும். முதலில் நிறுத்தச் சொல்லியிருந்தேனே என்றார் ராமாமணி. நிறுத்தினேன், சாமி சத்தியமாக நிறுத்தினேன் என்றார் லட்சுமணசாமி. அவர் முகம் முதல் முறையாக வாடியது.

சத்தியம் தேவைப்படவில்லை. டேட்டாபேஸ் தன் நடவடிக்கைகளை ஒரு கோப்பில் நேரத்தோடு எழுதி வைக்கும். ராமாமணி அதைத் திறந்து தீபாவளிக்கு மறுநாள் வரை மேலே போனார். 10.02க்கு நிறுத்தப்பட்டது. லட்சுமணசாமி சொன்னது உண்மை. அடுத்த வரி: 10.05க்குத் தொடங்கப்பட்டது. அந்த அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. மறுபடி 10.11க்கு நிறுத்தம், 10.15க்குத் தொடக்கம்.

ராமாமணி அந்தத் தொடக்க நேரங்களைப் பார்த்தார். ஐந்தில் முடிகிற நேரங்கள். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தூரத்து யூனிட்டுகளில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் சில நாள் டேட்டாபேஸ் எழாமல் கிடக்கும். உடனே சௌரிபாளையத்து வீட்டுக்குப் போன் வரும். தொல்லை தாங்காமல் ராமாமணி ஒரு குட்டி புரோகிராம் எழுதினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டேட்டாபேஸ் ஓடுகிறதா என்று அது எட்டிப் பார்க்கும். நின்றிருந்தால் தட்டி எழுப்பும். போன்கள் நின்றன. ராமாமணியும் அதை மறந்துபோனார். அவர் அதைப் போட்ட யூனிட்டுகள் மூன்று: பெருந்துறை, தாராபுரம், ஆனைமலை.

லட்சுமணசாமி நிறுத்த நிறுத்த, ராமாமணியின் புரோகிராம் எழுப்ப எழுப்ப, நடுவில் சர்வீஸ் பேக் திண்டாடியிருக்கிறது.

"அண்ணா, தப்பு உங்க மேல இல்லீங்க. நான் எழுதி வெச்சதுதான் இப்படிப் பண்ணியிருக்குது."

"அப்படின்னா ரெண்டு பேரும் அவங்கவங்க வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கறமுங்க," என்றார் லட்சுமணசாமி.

வேலை மதியம் வரை போயிற்று. முதலில் முழு டேட்டாபேஸுக்கும் டேப்பில் ஒரு நகல். பிறகு அந்தக் குட்டி புரோகிராமை நேர அட்டவணையிலிருந்து நீக்கினார். டேட்டாபேஸை நிறுத்தி, பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்து, அது எழவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். தகட்டைப் போட்டார். இந்த முறை ஒரு பெட்டியும் வரவில்லை. முடிந்ததும் பதிவுக் கோப்பைக் கடைசி வரி வரை படித்தார். ஒரு வரியை டைப் செய்தார். 416. அப்புறம், இல்லாத ஒரு தொழிலாளியை, டோக்கன் 9999, பெயர் மாரி என்று உண்டாக்கி, அவர் 2000 ஜனவரி ஒன்றாம் தேதியும் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதியும் வேலைக்கு வந்ததாகப் பதிந்தார். சர்வர் இரண்டு நாளையும் ஏற்றுக்கொண்டது. மாரியை வேலையை விட்டு நீக்கிவிட்டு எழுந்தார். பாவம், இப்போதுதான் சேர்ந்தான் என்றார் லட்சுமணசாமி.

வியாழக்கிழமை தாராபுரம். அங்கே டேப் டிரைவ் பழுது. நகல் எடுக்க வேறு வழி தேடி, மாலை ஏழு மணிக்குத்தான் 416 வந்தது. மிச்சம் ஆனைமலை. வெள்ளிக்கிழமை காலையில் பொள்ளாச்சி பஸ் பிடித்தால் மாலைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் பாலகோபால் பத்து மணிக்கே கூப்பிட்டுவிட்டார். மதியம் அவர் திருப்பூர் கிளம்ப வேண்டியிருந்தது.

ராமாமணி தாளை மேசையில் வைத்தார். ஏழு வரி. ஆறு வரிக்கு எதிரில் எண், அது திரையில் பார்க்கப்பட்ட தேதி, கையெழுத்து. ஏழாவதில், ஆனைமலை: ஏறவில்லை என்று நினைக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை. அடியில் மூன்று வரி: மூன்று யூனிட்டில் நிறுவல் தடைப்பட்டதற்கு 1997இல் நான் எழுதிய புரோகிராம் காரணம்; சரிபார்க்கும் எண்ணை ஃபேக்ஸில் தவறாக எழுதியதும் நானே; அந்த யூனிட்டு ஊழியர்கள் பொறுப்பல்ல.

பாலகோபால் இரண்டு தடவை படித்தார். இந்தக் கடைசி மூன்று வரி அவசியமா என்று கேட்டார். இல்லையென்றால் பின்னால் யாராவது லட்சுமணசாமியைக் கேட்பார்கள் என்றார் ராமாமணி. ஆனைமலைக்கு ஏன் கையெழுத்து இல்லை, தம்பிதுரைதான் ஆகிவிட்டது என்று சொன்னாராமே என்றார் பாலகோபால். சொன்னார், ஆனாலும் ஆகியிருக்காது என்றார் ராமாமணி. ஒரு கையெழுத்துக்காக இத்தனை பிடிவாதமா என்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு, பாலகோபால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆனைமலையை அழைத்தார்.

"தம்பிதுரை, அந்த சர்வீஸ் பேக் போட்டாச்சா?"

"ஆச்சுங்க சார். தீபாவளி லீவுலயே செஞ்சுபோட்டனுங்க."

"நல்லா ஓடுதா?"

"ஜோரா ஓடுதுங்க சார்."

பாலகோபால் கையை விரித்தார். இதற்கு மேல் என்ன என்று அந்தக் கை கேட்டது. ராமாமணி நாற்காலியை முன்னால் நகர்த்தி, போன் பக்கம் குனிந்தார்.

"தம்பிதுரைங்களா? நான் ராமாமணி. ஃபேக்ஸை உள்ள வெச்சுருங்க. நான் சொல்ற வரிய டைப் பண்ணி, திரையில என்ன வருதோ அதை முதல் எழுத்துல இருந்து கடைசி வரைக்கும் படிங்க. என்ன வரணும்னு நான் சொல்லமாட்டனுங்க. எது வந்தாலும் பரவால்ல."

நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. பிறகு ஒவ்வொரு சாவியாகத் தட்டும் சத்தம். பிறகு தம்பிதுரை ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக, புள்ளி, கமாவோடு படித்தார். பாலகோபால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியா எரநூத்தி எம்பத்தியொன்னுங்க மேடம்," என்றார் தம்பிதுரை. கொஞ்சம் நிறுத்தி, "எப்பவுமே அதானுங்க வருது," என்று சேர்த்துக்கொண்டார்.

பாலகோபால் நன்றி சொல்லிப் போனை அணைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தன்னிடமே கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டார்.

"பெங்களூர்ல இருந்து கேட்டா இவர் என்ன சொல்லுவாரு?"

"ஆச்சுங்கன்னு சொல்லுவாருங்க சார். அவங்களும் டிக் அடிச்சுக்குவாங்க."

"உனக்கும் அப்படித்தான சொன்னாரு?"

"ஆமாங்க சார். கேக்கத் தெரியாமக் கேட்டேன்."

பாலகோபால் சிரிக்கவில்லை, ஆனால் முகம் இளகியது. தாளைத் திருப்பி ராமாமணியிடமே தள்ளினார். ஏழாவது வரி நிரம்பியதும் கூப்பிடச் சொன்னார். திருப்பூரில் எந்த எண்ணில் இருப்பார் என்றும் எழுதிக் கொடுத்தார். பெங்களூர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று அதற்குப் பிறகு முடிவுசெய்வதாகச் சொன்னார். ஆபீஸ் காரை எடுத்துக்கொண்டு போகவும் சொன்னார்.

ஆனைமலையில் மழை விட்டிருந்தது. தம்பிதுரை முப்பது தாண்டியவர், வாட்டசாட்டமானவர். ராமாமணியைப் பார்த்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். ராமாமணி குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். நகல், குட்டி புரோகிராம் நீக்கம், நிறுத்தம், பத்து நிமிடக் காத்திருப்பு, தகடு. மாரி என்ற தொழிலாளி ஆனைமலையிலும் இரண்டு நாள் வேலைசெய்து நீங்கினார். ஐந்தரை மணிக்கு எல்லாம் முடிந்தது. ஸ்டோர்ஸ் மேசையில் இருந்த போனில் ராமாமணி திருப்பூர் எண்ணைச் சுழற்றினார்.

"ஆச்சுங்க சார்," என்றார் ராமாமணி.

மறுமுனையில் பாலகோபால் பேனாவை எடுக்கும் சத்தம் கேட்டது.

"படிம்மா, கேட்டுக்கறேன்," என்றார்.

தம்பிதுரை ஸ்டோர்ஸ் பீரோப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரிசீவரிலிருந்து அது அவருக்கும் கேட்டிருந்தது; சிரிப்பில் தோள் குலுங்கியது. ராமாமணி போன் வயரை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். முதல் எழுத்திலிருந்து தொடங்கி, புள்ளி, கமா ஒன்று விடாமல் படித்தார். கடைசி மூன்று இலக்கத்தைத் தனித்தனியாகச் சொன்னார்: நாலு, ஒன்று, ஆறு.

நாளை பெங்களூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை என்று இன்றே சொல்லிவிடுவதாகச் சொன்னார் பாலகோபால். போனை வைத்ததும் ராமாமணி தம்பிதுரையிடம் பேனா கேட்டு, ஏழாவது வரியில் இருந்ததை அடித்து, எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.